பலகை இல்லாத ஊஞ்சல்

பாங்காக்கில் என்னை முதலில் ஏமாற்றியவர் ரொம்ப மரியாதையானவர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அட்டை. அரண்மனை மதிலோரம் நான் வேர்த்து வழிய நின்று போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாகவே வந்து, "இன்று கோயில் மூடியிருக்கிறது. புத்தருக்கு விசேஷ நாள். மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பார்கள்" என்றார். அதுவரை சும்மா நிற்பானேன், 20 பாட் கொடுத்தால் மூன்று கோயில் காட்டுவார் என்று கையோடு ஒரு டுக்டுக்கையும் நிறுத்திக் கொடுத்தார். 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற ஆட்டோக்காரர் உலகத்தில் எங்கும் கிடையாது என்பது சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசிப் பழகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. முதலில் பெயர் தெரியாத ஒரு குட்டிக் கோயில். அடுத்தது நவரத்தினக் கடை. அதற்கடுத்தது கோட் தைக்கும் கடை. முதுகில் 7 கிலோ மூட்டையும் காலில் ரப்பர் செருப்புமாக நிற்கிற என்னிடம் இரண்டு இடத்திலும் பொறுமையாகவே பேசினார்கள். நான் எதையும் வாங்காததில் டுக்டுக்காரருக்குத்தான் வருத்தம். பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அரண்மனை அன்று காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது.

போன ஜூலையில் ஒன்பது நாள் அங்கே இருந்தேன். பழைய ஊருக்குள், சாம் யோட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம், எட்டுப் பேர் படுக்கிற டார்மெட்ரியில் மேல்கட்டில். தினமும் காலையில் வெளியே வந்தால் சாலை நடுவே இரண்டு மாபெரும் சிவப்பு மரத் தூண்கள். மேலே சித்திர வேலைப்பாட்டோடு ஒரு குறுக்குச் சட்டம். நடுவில் ஒன்றுமே இல்லை. ஏதோ தோரண வாயில் என்று நினைத்து முதல் இரண்டு நாளும் அதைத் தாண்டித்தான் போனேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மறுநாள் அரண்மனைக்கு முறையாகப் போனபோது வாசலில் காவலர் என் முழங்காலைக் காட்டித் தலையாட்டினார். அரை டிரவுசர் போட்டு உள்ளே போக முடியாது. பக்கத்துக் கடைகளில் பூப்போட்ட யானைக் கால்சட்டை விற்கிறார்கள். நான் பையிலிருந்து நாலு முழ வேட்டியை உருவி டிரவுசருக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். காவலர் சிரித்துவிட்டு, "மியான்மா?" என்றார். இல்லை, இந்தியா என்றேன். நம்பினாரா தெரியவில்லை, உள்ளே விட்டார்.

500 பாட் டிக்கெட். மரகத புத்தர் என்று பெயரே தவிர அது மரகதம் இல்லை, பச்சைக் கல். 66 சென்டிமீட்டர் உயரம்தான். அவ்வளவு உயரமான பீடத்தில் அவ்வளவு சின்னச் சிலையைப் பார்க்கும்போது, மூலவர் ஏன் இத்தனை தூரத்தில் இருக்கிறார் என்று திருப்பதி வரிசையில் கழுத்தை நீட்டிய ஞாபகம் வந்தது. கோடை, மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அவருக்கு உடை மாற்றுகிறார்கள். மாற்றுபவர் ராஜா. நான் போனபோது மழைக்கால உடையில் இருந்தார்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது சுற்றுப் பிராகாரத்தில். அங்கே சுவர் முழுக்க ராமாயணம், 178 சித்திரங்கள். அவர்கள் அதை ராமாகியென் என்கிறார்கள். ராவணனுக்குப் பெயர் தோட்சகன். தசகண்டன் என்பதை வாயில் போட்டு மென்றால் அப்படித்தான் வரும். அனுமார் வெள்ளை வெளேரென்று இருக்கிறார், ஒரு கையில் மீனுடல் கொண்ட ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார். சேதுவுக்குப் போட்ட கற்கள் காணாமல் போகின்றன, திருடுவது யார் என்று கடலுக்குள் குதித்துப் பார்த்தால் ராவணனின் மகள், மச்சகன்னி. சண்டை காதலாகி, அவர்களுக்கு ஒரு பிள்ளையும் பிறக்கிறது. நங்கநல்லூரில் வடைமாலை சாத்திக்கொண்டு நிற்கிற நம் நைஷ்டிக பிரம்மச்சாரியா இது? வெளிநாட்டில் செட்டிலான சித்தப்பாவின் பழைய ஆல்பத்தைப் புரட்டி, ஊரில் யாருக்கும் தெரியாத பக்கத்தைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த எண்ணம் ஒன்பது நாளும் விடவில்லை. மூக்கும் முழியும் அதேதான். சாப்பாடும் பழக்கமும் வேறு.

ஊரின் பெயரே அப்படித்தான். பாங்காக் என்பது வெளியாட்கள் சொல்வது. ஊர்க்காரர்களுக்கு அது குருங் தேப், தேவர்களின் நகரம். 1782-ல் ராஜா முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றியபின் ஊருக்கு வைத்த முழுப்பெயர் மூச்சு வாங்கும் நீளம். அதில் அமர, ரத்ன, அயோத்யா எல்லாம் வரும். கடைசியில், இந்திரன் சொல்ல விஸ்வகர்மா கட்டிய ஊர் என்று முடியும். டார்மெட்ரியில் கீழ்கட்டில் பையனுக்கு அதைச் சொல்லத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டாகச் சொல்லிக் கொடுப்பார்களாம்.

வாட் என்றால் கோயில். வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். கட்டடத்துக்குள் அவரை முழுசாகப் பார்க்க ஓர் இடம்கூடக் கிடையாது. தூண்களுக்கு நடுவே கொஞ்சம் முகம், கொஞ்சம் தோள், அப்புறம் கொஞ்சம் இடுப்பு என்று தவணையில்தான் தரிசனம். பாதத்துக்கு வந்தால் உள்ளங்காலில் முத்துச் சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். திரும்பி முதுகுப் பக்கமாக வரும்போது வரிசையாக 108 வெண்கலப் பாத்திரங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு கிண்ணம் நிறையச் சில்லறை தருகிறார்கள். பாத்திரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். டிங், டங், டிங். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான், யாரோ ஓயாமல் பாத்திரம் அடுக்குவது போல. எனக்கு 90-ஐத் தாண்டியதும் காசு தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த பாட்டி ஒருத்தி ஒன்றும் பேசாமல் தன் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளி என் கிண்ணத்தில் போட்டார். அவருக்குக் குறைந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும்.

படகில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். சூரியனின் தேரோட்டி அருணன் பெயரில் இருக்கிற கோயில். தூரத்திலிருந்து கல் சிற்பம் போலத் தெரிவது கிட்டே போனால் பீங்கான் தட்டும் கோப்பையும் உடைந்த சில்லுமாகப் பூப்பூவாகப் பதித்தது. நம் வீட்டில் தட்டு உடைந்தால் திட்டுதான் விழும். சைனாடவுன் வாட் த்ரைமித் தங்க புத்தரின் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். சுதை பூசிய சாதாரணச் சிலை என்று நினைத்துத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். 1955-ல் இடம் மாற்றும்போது கயிறு அறுந்து விழுந்து பூச்சு உடைய, உள்ளே ஐந்தரை டன் தங்கம். கதை நன்றாக இருக்கிறது. நேரில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கத் தோன்றவில்லை. தங்கம் என்று தெரிந்தபின் எல்லாரும் அதன் விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

அதைவிட லோஹ பிரசாத் எனக்குப் பிடித்திருந்தது. வாட் ரட்சநத்தா வளாகத்துக்குள் உலோகக் கூர்களோடு எழுந்து நிற்கிற ஒரு மண்டபம், ஞானத்துக்கான 37 குணங்களுக்கு 37 கூர்கள். இதன் மூல மாதிரி இலங்கை அநுராதபுரத்தில் துட்டகைமுனு ராஜா கட்டிய லோகமகாபாயா. அங்கே பழையதில் இப்போது மிஞ்சி நிற்பவை சுமார் 1600 கல்தூண்கள்தான். அங்கே கூரை போய்த் தூண் மிஞ்சியதும் இங்கே கூரை நிலைத்ததும் விசித்திரமாக இருந்தது. உள்ளே நடுவில் ஒரு சுழல் படிக்கட்டு, கூட்டமே கிடையாது. மேல்தளத்துக்கு ஏறினால் பக்கத்திலேயே வாட் சாகேத் கோயிலின் பொன்மலை தெரியும்.

சரி, இனி ஒரு ஃபான்டா கதைக்கு வருகிறேன்.

டார்மெட்ரி வாசலில், ஒற்றைத் தூண் மேல் பறவைக் கூண்டு அளவில் ஒரு குட்டிக் கோயில். ஊர் முழுக்க வீட்டு வாசலில், பேங்க் வாசலில், பெட்ரோல் பங்கில், மால் வாசலில் இது இருக்கிறது. சான் ப்ரா பூம். அந்த நிலத்துக்குச் சொந்தமான தெய்வத்துக்கு வீடு. நாம் வந்து மண்ணை வெட்டி வீடு கட்டிக் குடியேறிவிட்டோம், ஏற்கெனவே அங்கே இருந்தவர் எங்கே போவார்? அவருக்கு ஒரு வீடு. நம் வீட்டு நிழல் அதன்மேல் விழக் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு டார்மெட்ரி அக்கா அங்கே ஒரு சின்ன மாலை, ஒரு தட்டுச் சோறு, அப்புறம் ஒரு பாட்டில் சிவப்பு ஃபான்டா வைப்பார். மூடியைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு.

ஏன் சிவப்பு என்று கேட்டேன். தெய்வத்துக்குப் பிடிக்கும் என்றார். அந்தக் காலத்து ரத்தப் படையலுக்குப் பதிலாக வந்தது என்று வேறொருவர் சொன்னார். எனக்கு அக்கா சொன்னதே போதுமானதாக இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கிறார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவருக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர. ஒரு நாள் பார்த்தேன், ஓர் எறும்புச் சாரி ஸ்ட்ரா வழியாகவே ஏறி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா விரலால் மெதுவாகத் தட்டிவிட்டு, பாட்டிலை எடுத்து வேறு பாட்டில் வைத்தார். எறும்பைக் கொல்லவில்லை, திட்டினார்.

இந்த ஃபான்டாவைப் புரிந்துகொண்டபின் எரவான் கோயில் விளங்கியது. ராட்சப்ரசோங் சந்திப்பு. மேலே மெட்ரோ பாலம், சுற்றி மால்கள், அந்த முக்கில் ஒரு நான்முகன். 1950-களில் அங்கே ஹோட்டல் கட்டும்போது விபத்துக்கு மேல் விபத்து. நாள் பார்த்துக் கடைக்கால் போடவில்லை, ஹோட்டலுக்கு எரவான் என்று இந்திரனின் ஐராவதத்தின் பெயரை வைத்துவிட்டு வாகனத்துக்கு உரியவரைக் கும்பிடவில்லை, பிரம்மாவுக்குக் கோயில் எழுப்புங்கள் என்று ஜோசியர் சொன்னார். 1956-ல் சிலை வைத்தார்கள். நம் ஊரில் பிரம்மாவின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பொய் சொன்னதற்குச் சாபம், தனிக் கோயில் கிடையாது. திருப்பட்டூர், கும்பகோணம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கோஷ்டத்தில் வடக்குப் பார்த்து நிற்பவரிடம் யாரும் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. அவர் இங்கே வந்து நகரத்தின் மிகப் பரபரப்பான சந்திப்பைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

நாலு முகத்துக்கும் நாலு தடவை கும்பிட்டு, நாலு மாலை போட்டு, வேண்டுகிறார்கள். பலித்தால் நன்றிக்கடன். மர யானை வைக்கலாம். இல்லையென்றால் அங்கேயே மண்டபத்தில் தயாராக இருக்கும் நடனக்காரிகளுக்குப் பணம் கட்டி ஆட வைக்கலாம். எத்தனை பேர் ஆட வேண்டும் என்பதைப் பொறுத்துக் கட்டணம். நான் பார்த்தபோது வேட்டி மடித்துக் கட்டாத குறையாக ஒரு சீனக் குடும்பத் தலைவர் மண்டியிட்டிருந்தார். அவர் பெயரைப் பாட்டுக்குள் சேர்த்துப் பாடிக்கொண்டே எட்டுப் பெண்கள் ஆடினார்கள். நம் அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம் சொல்வது போலத்தான். ஆட்டம் முடிந்ததும் ஒருத்தி கிரீடத்தைக் கழற்றாமலே போனை எடுத்து மெசேஜ் பார்த்தாள்.

இந்த இடத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2006-ல் மனநிலை சரியில்லாத ஒருவர் சுத்தியலால் சிலையை உடைத்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். 2015 ஆகஸ்டில் அங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் கோயிலைத் திறந்துவிட்டார்கள். பெரிய சுவடு எதுவும் இல்லாமல் மாலைக்காரர்கள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓன்னுட் பக்கம் கால்வாய்க்கரையில் மே நாக் கோயிலுக்குப் போனது என் சொந்த ஆர்வம். அவள் தெய்வம் இல்லை, பேய். புருஷன் போருக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகச் செத்துப்போனவள். அவன் திரும்பி வந்து அது தெரியாமல் பேயோடேயே குடும்பம் நடத்துகிறான். ஒரு நாள் சமைக்கும்போது எலுமிச்சம்பழம் பலகை இடுக்கு வழியாக வீட்டுக்கு அடியில் விழ, அவள் அங்கிருந்தபடியே கையை நீட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். நீலி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவளை உடனே அடையாளம் தெரியும். ஆனால் நம் நீலி பழி வாங்குகிறவள், இவள் சமைத்துப்போட்டுக் காத்திருந்தவள். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் தங்க ரேக்கு. சுற்றிலும் பட்டுடைகள், பொம்மைகள். எதிரே ஒரு டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் பார்ப்பதற்காக.

தாய்லாந்தில் 21 வயதுப் பையன்கள் ஏப்ரலில் சீட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ராணுவம், கறுப்பு வந்தால் வீடு. கறுப்பு கேட்டு இங்கே வருகிறார்கள். புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பிக் கெட்டவளுக்குத்தானே அந்த வேதனை தெரியும்! ஒன்பது நாளில் நான் பார்த்த எல்லா இறையியலிலும் எனக்குச் சுலபமாக ஒத்துக்கொள்ள முடிந்தது இதுதான்.

சீலோம் சாலையில், 1879-ல் வைத்தி படையாட்சி என்கிற தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது கொஞ்சம் கர்வத்தோடுதான் போனேன். தாய்க்காரர்கள் அதை வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி. நம்மவர்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். வாசல் கடையில் தட்டு வாங்கினேன்: தேங்காய், வாழைப்பழம், சாமந்தி, பால், ஊதுபத்தி. உள்ளே நுழைந்து வழக்கம்போல நேராகச் சன்னதிக்குப் போக, பின்னாலிருந்து ஒரு பெண் முழங்கையைத் தட்டினாள். ஆபீஸ் உடை, இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கழற்றியாயிற்றே என்று பார்த்தேன். அதில்லை, முதலில் பிள்ளையார் என்று கையைக் காட்டினாள். அவளே தட்டை வாங்கி, பழத்தைச் சரியாக நிமிர்த்தி வைத்து, இப்படிப் பிடி என்று நெற்றி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். எனக்கு முன்னால் முப்பது பேர் வரிசை, அதில் தமிழ் முகம் நான் ஒருத்தன்தான். குருக்கள் மட்டும் என்னைப் பார்த்து, "தேங்காய் உடைக்கணுமா?" என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான் பேச்சு, அடுத்த தட்டு வந்துவிட்டது.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் நம்மிடமிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டுகிற ஃபார்வர்டுகள் எனக்கும் வரும். போனது உண்மைதான். ஆனால் போனதைத் தினமும் விளக்கேற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். மாரியம்மன் கோயிலில் எனக்கே வழிகாட்ட ஆள் வேண்டியிருந்தது.

கடைசி நாள் அந்தச் சிவப்புத் தூண்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். சாவ் சிங் சா, ராட்சத ஊஞ்சல். 1784-ல் முதலாம் ராமா காலத்தில் முதலில் நட்டது. இப்போது நிற்பது 2007-ல் ப்ரே மாகாணத்துத் தேக்கில் புதிதாகச் செய்தது. முன்பெல்லாம் குளிர்காலத்தில், சிவபெருமான் பத்து நாள் பூமிக்கு இறங்கி வருவதாக நம்பி, பிராமணர்கள் இதில் வானத்துக்கு ஆடுவார்கள். எதிரே மூங்கிலில் கட்டிய காசு மூட்டையைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. 1935-ல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பலகையும் போய்விட்டது, தூண் மட்டும் நிற்கிறது.

அந்தத் திருவிழாவின் பெயர் த்ரியம்பவாய் த்ரிபவாய். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆமாம், திருவெம்பாவை, திருப்பாவை. சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊஞ்சல் நின்றாலும் பாட்டு நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற சின்ன வெள்ளைக் கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் மூன்று சன்னதி. தலைமுறை தலைமுறையாக அரண்மனைச் சடங்கு செய்யும் தாய்ப் பிராமணர்கள், தெற்கே நக்கோன் சி தம்மராட் பக்கமிருந்து வந்த வம்சங்கள், வெள்ளை உடை, முடிந்த குடுமி. வருஷம்தோறும் உள்ளே அதை ஓதுகிறார்கள். உச்சரிப்பு உருமாறிவிட்டது, பொருளும் தெரியாது. ஆனால் விடவில்லை.

நான் போனது ஜூலை. தேவஸ்தான் கதவு சாத்தியிருந்தது. சரி, நாமாவது பாடுவோம் என்று ஊஞ்சலைப் பார்த்து ஆரம்பித்தேன். "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதியை." ஏழாம் வகுப்பில் மார்கழி ஒப்புவித்தல் போட்டியில் இதற்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் நான். "யாம்பாடக் கேட்டேயும் வாள்தடங்கண் மாதே வளருதியோ." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினேன். அதே இடத்தில் நின்றது. அர்த்தம் தெரியாதவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் விடாமல் சொல்கிறார்கள். அர்த்தம் தெரிந்தவனுக்கு அடுத்த வரி இல்லை.

கூகுள் பண்ணியிருக்கலாம். மாயவரத்துக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வளருதியோக்கு அப்புறம் என்னம்மா?"

"எதுக்குடா இப்ப? ஆனி மாசத்துல?"

"சொல்லேன்."

சரியாக அந்த நேரம் சிக்னல் விழுந்து, நாலு டுக்டுக் ஒன்றாக உறுமிக்கொண்டு ஊஞ்சலைச் சுற்றி வந்தன.

"வன்செவியோ நின்செவிதான்."

"என்னம்மா? கேக்கல."

"வன்செவியோ நின்செவிதான்!"

"கேக்கலம்மா, இங்க ஒரே சத்தம். காது அடைக்குது."

"அதைத்தான்டா சொல்றேன்," என்றாள் அம்மா.